படைப்பின் ஒழுங்கு: இயற்கையில் இறைத்திட்டம் பற்றிய கிறிஸ்தவ வாதமும் அறிவியல் சான்றுகளும்

உலகம் தற்செயலாக உருவானதன்று, ஓர் அறிவின் திட்டப்படி அமைந்தது என்பதற்கு இயற்கையிலேயே தடயங்கள் உண்டா என்ற கேள்வி கிறிஸ்தவச் சிந்தனையில் மிகப் பழையது. 19ஆம் சங்கீதம் வானத்தைச் சாட்சிக்கு அழைக்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பவுல், கண்ணுக்குப் புலப்படாத கடவுளைப் படைப்பின் வழியாக மனிதர் உணர்ந்திருக்க வேண்டும் என்கிறார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், கடவுள் உண்டு என்பதற்கு ஐந்து வழிகளை முன்வைத்தார். அறிவில்லாத பொருள்களும் எப்போதும் ஒரே சீராக ஓர் இலக்கை நோக்கி இயங்குகின்றன என்ற கவனிப்பிலிருந்து ஐந்தாம் வழி தொடங்குகிறது. அந்த வாதம் ஏதோ ஓர் அரிய உறுப்பையோ வியப்பூட்டும் விலங்கையோ பற்றியதன்று. இயற்கை முழுவதிலும் காணும் ஒழுங்கைப் பற்றியது. பின்னால் வந்தவர்கள் இந்த வேறுபாட்டை மறந்தபோதெல்லாம் வாதம் சறுக்கியது.

நவீன அறிவியலின் தொடக்கக் காலத்தில் இந்த நம்பிக்கை ஆய்வுக்கு உந்துதலாக இருந்தது. யோகான்னஸ் கெப்ளர், டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து லூத்தரன் போதகராக விரும்பியவர். கோள்களின் பாதைகளைக் கடவுள் வடிவக்கணிதப்படி அமைத்திருப்பார் என்று உறுதியாக நம்பி, 1596இல் வெளியிட்ட நூலில், அன்று அறியப்பட்டிருந்த ஆறு கோள்களின் பாதைகளுக்கு இடையே ஐந்து சீர்திண்மங்களைப் பொருத்திக் காட்டினார். அழகான அமைப்பு, ஆனால் தவறு. பின்னர் டைக்கோ பிராஹேயின் அளவீடுகளோடு செவ்வாயின் பாதையை ஒப்பிட்டபோது, வட்டப்பாதை தந்த கணக்கு முழுநிலவின் விட்டத்தில் ஏறக்குறைய கால்பங்கு அளவு விலகியது. வேறொருவர் அதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். கெப்ளர் வட்டத்தையே கைவிட்டு நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். 1609இல் முதல் இரண்டு விதிகளும் 1619இல் மூன்றாவது விதியும் அச்சேறின. கடவுள் ஒழுங்கோடு படைத்தார் என்ற நம்பிக்கை அவரை ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட வைத்தது. அந்த ஒழுங்கு எத்தகையது என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பணிவு சரியான விடையைத் தந்தது. இந்தப் பொருளில் எழுதுபவர்களுக்கு அவரைவிட நல்ல முன்மாதிரி கிடைப்பது அரிது.

ஐசக் நியூட்டனிடம் இதன் மறுபக்கத்தைக் காணலாம். வேதியியலாளர் ராபர்ட் பாயில், கிறிஸ்தவ நம்பிக்கைக்குச் சான்று கூறும் சொற்பொழிவுகளுக்காகத் தம் உயிலில் பணம் ஒதுக்கியிருந்தார். 1692இல் முதல் தொடரை நிகழ்த்திய ரிச்சர்டு பென்ட்லி, புதிய இயற்பியல் இறைநம்பிக்கைக்கு எவ்வாறு துணைநிற்கும் என்று நியூட்டனுக்கு எழுதிக் கேட்டார். நியூட்டனும் மகிழ்ந்து விடையெழுதினார். ஆனால் கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சூரியக் குடும்பம் காலப்போக்கில் நிலைகுலையும், கடவுளே அதைச் சீர்செய்ய வேண்டியிருக்கும் என்றும் அவர் கருதினார். தாம் செய்ததைத் தாமே பழுதுபார்த்துக்கொண்டிருப்பவர் எப்படிச் சிறந்த படைப்பாளர் ஆவார் என்று லைப்னிட்ஸ் கேட்டார். 1780களில் லாப்லாஸ், வியாழன், சனி ஆகியவற்றின் இயக்கத்தில் தெரிந்த விலகல் நீண்ட காலத்தில் ஏறி இறங்கும் சுழற்சியே என்று கணக்கிட்டுக் காட்டினார். நியூட்டன் கடவுளுக்கென ஒதுக்கிய வேலை அத்தோடு மறைந்தது. விளக்கம் கிடைக்காத இடைவெளியில் கடவுளை நிறுத்தினால், விளக்கம் கிடைக்கும் நாளில் அவரை வெளியேற்ற வேண்டிவரும். ஸ்காட்லாந்து நற்செய்தியாளர் ஹென்றி டிரம்மண்டு 1894இல் இதே எச்சரிக்கையைக் கிறிஸ்தவர்களுக்கே விடுத்தார்.

உயிரினங்களை முன்னிறுத்திய வாதத்துக்குப் புகழ்பெற்ற வடிவம் தந்தவர் ஆங்கிலிக்கன் குரு வில்லியம் பேலி. 1802இல் வெளிவந்த அவருடைய ‘இயற்கை இறையியல்’ நூல், வெட்டவெளியில் கிடக்கும் கடிகாரம் ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரு கடிகாரக்காரர் இருந்திருப்பார் என்றுதானே முடிவு செய்வோம் என்று கேட்டுத் தொடங்குகிறது. கண், மூட்டு, இறகு என்று அது நுணுக்கமான உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்கிறது. இந்த வகை ஒப்புமைக்கான மறுப்போ அதற்கு முன்பே அச்சாகியிருந்தது. டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்தபின் 1779இல் வெளிவந்த உரையாடல் நூல், உலகத்தை மனிதன் செய்யும் பொருளோடு ஒப்பிடுவதே பொருந்தாது என்கிறது. கடிகாரங்கள் பல உண்டு, அவற்றைச் செய்பவர்களையும் நேரில் பார்க்கலாம்; உலகமோ ஒன்றே ஒன்று. ஒப்புமையை ஏற்றாலும் அது ஒரே கடவுளுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு என்ன உறுதி, பலர் கூடிச் செய்திருக்கலாமே என்றும் ஹியூம் கேட்கிறார். தர்க்க நோக்கில் ஹியூமின் கேள்விகள் கூர்மையானவை. ஆயினும் உறுப்புகளின் நுட்பத்துக்கு வேறொரு விளக்கத்தை அவரால் தர முடியவில்லை. அதனால் பேலியின் நூல் இரண்டு தலைமுறைகளுக்குச் செல்வாக்கோடு இருந்தது. கேம்பிரிட்ஜில் அதை விரும்பிப் படித்த மாணவர்களில் ஒருவர் சார்லஸ் டார்வின்.

1859இல் டார்வின் அந்த வேறு விளக்கத்தைத் தந்தார். மரபில் தோன்றும் சிறு வேறுபாடுகள், பிழைத்து இனம்பெருக்க உதவுபவை தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போவது, போதிய காலம் ஆகிய மூன்றும் கூடினால் கண் போன்ற உறுப்பும் படிப்படியாக உருவாகலாம். திருச்சபை ஒன்றுதிரண்டு இதை எதிர்த்தது என்ற பரவலான எண்ணம் சரியன்று. பிரின்ஸ்டன் இறையியலாளர் சார்லஸ் ஹாட்ஜ் 1874இல், திட்டத்தை மறுப்பதால் டார்வினியம் நாத்திகமே என்று எழுதினார். ஆனால் அமெரிக்காவில் டார்வினின் நூலைப் பதிப்பிக்க உதவிய ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே, பக்தியுள்ள கிறிஸ்தவர். இயற்கைத் தேர்வு கடவுளின் செயல்முறையாக இருக்கலாம் என்று வாதிட்டார். பின்னாளில் கேன்டர்பரி பேராயரான ஃபிரெடரிக் டெம்பிள் 1884இல் ஆற்றிய உரைகளில், பொருள்களை நேரடியாகச் செய்வதைவிட, தம்மைத் தாமே ஆக்கிக்கொள்ளும்படி அவற்றைப் படைப்பது மேலானது என்ற கருத்தை முன்வைத்தார். டெம்பிளின் அந்த வாக்கியத்தில் வாதம் உறுப்புகளிலிருந்து விதிகளுக்கு இடம்பெயர்கிறது. 20ஆம் நூற்றாண்டின் இயற்பியல் அந்த இடப்பெயர்ச்சிக்கு எதிர்பாராத வலுவைச் சேர்த்தது.

அண்டத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற கண்டுபிடிப்பு முதலில் வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமைத்ர் 1927இல் அண்டம் விரிகிறது என்றும், 1931இல் அது மிக அடர்ந்த ஒரு தொடக்க நிலையிலிருந்து விரிந்தது என்றும் எழுதினார். 1965இல் அறிவிக்கப்பட்ட அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு அதை உறுதிப்படுத்தியது. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்று இன்று கணிக்கப்படுகிறது. 1951இல் போப் 12ஆம் பயஸ் இதைப் படைப்பு நம்பிக்கையோடு நெருக்கமாக இணைத்துப் பேசியபோது, சங்கடப்பட்டவர் லெமைத்ரேதான். இயற்பியல் சொல்லும் தொடக்கமும் இறையியல் சொல்லும் படைப்பும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பது அவர் நிலை. முதலாவது, அண்டத்தின் மிகப் பழைய நிலை எது என்பது. இரண்டாவது, எதுவுமே ஏன் இருக்கிறது என்பது. ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டதாகப் பிரசங்கிப்பவர்கள் லெமைத்ரின் இந்தத் தயக்கத்தை அறிந்திருப்பது நல்லது.

இறைத்திட்ட வாதத்தின் இன்றைய வலுவான வடிவம், இயற்பியல் மாறிலிகளின் நுண்ணிய பொருத்தத்தைச் சார்ந்தது. விசைகளின் வலிமை, அடிப்படைத் துகள்களின் நிறை போன்ற எண்களைக் கோட்பாடு தருவதில்லை. அளந்துதான் அறிய வேண்டியிருக்கிறது. அவற்றுள் சில சற்று மாறினாலும் உயிர்கள் வாழ இடமில்லாமல் போகும். இரு புரோட்டான்களுக்கு இடையே உள்ள மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைப்போல் 1க்குப் பின் 36 சுழியங்கள் இட்ட மடங்கு வலியது. ஈர்ப்பு இத்தனை மெலிந்திருப்பதால்தான் விண்மீன்கள் பெரியனவாகவும் பல நூறு கோடி ஆண்டுகள் எரிபவையாகவும் இருக்கின்றன. நியூட்ரான், புரோட்டானைவிட ஏறத்தாழ 0.14 விழுக்காடு கனமானது. இந்த வேறுபாடு தலைகீழாக இருந்திருந்தால் ஹைட்ரஜன் அணு நிலைத்திருக்காது. ஹைட்ரஜன் இல்லையேல் நீரும் இல்லை.

கரிமத்தின் கதை இவற்றினும் விரிவாகச் சொல்லத் தக்கது. உயிர்களுக்கு அடிப்படையான இந்தத் தனிமம் விண்மீன்களின் உள்ளே, மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்வதால் உண்டாகிறது. முதலில் இரண்டு சேர்ந்து பெரிலியம்-8 ஆக வேண்டும். ஏறக்குறைய, ஒரு நொடியை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் வரும் சிறு பொழுதுக்குள் அது சிதைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் மோதிக் கரிமம் ஆவது மிக அரிது. சாதாரணக் கணக்கின்படி உலகில் கரிமம் இவ்வளவு இருக்கக் கூடாது. கரிம அணுக்கருவுக்கு ஏறத்தாழ 7.65 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஓர் ஒத்திசைவு நிலை இருந்தே தீர வேண்டும் என்று பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் கணித்தார். 1953இல் கால்டெக் ஆய்வகம் அதைச் சோதித்தபோது அந்த நிலை அங்கே இருந்தது. கரிமம் முழுவதும் ஆக்சிஜனாக மாறிவிடாததற்கும் காரணம் உண்டு: ஆக்சிஜனில் அதற்கிணையான நிலை தேவையான ஆற்றலுக்குச் சற்றுக் கீழே அமைந்துவிட்டது. கிறிஸ்தவர் அல்லாத, மதங்களை விமர்சித்துவந்த ஹாயிலே பின்னாளில், இயற்பியலை ஏதோ ஓர் உயர்ந்த அறிவு கையாண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்ற பொருளில் எழுதினார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதன் பிற்பகுதியை விட்டுவிடுவதுண்டு. அந்த ஒத்திசைவு நிலை சிறிது இடம்பெயர்ந்தாலும் விண்மீன்கள் போதிய கரிமத்தை ஆக்கும் என்று 1989இல் மாரியோ லிவியோவும் உடன்பணியாளர்களும் கணக்கிட்டனர். 2000இல் ஹைன்ஸ் ஓபர்ஹும்மர் குழு அடிப்படை விசைகளின் அளவிலேயே கேள்வியை எழுப்பியது. அணுக்கரு விசையில் 0.5 விழுக்காடு அல்லது மின்விசையில் 4 விழுக்காடு மாற்றம் வந்தாலும், கரிமமோ ஆக்சிஜனோ விண்மீன்களில் ஏறக்குறைய அற்றுப்போகும் என்பது அதன் முடிவு. பொருத்தம் உண்மையானதுதான், மேடைகளில் சொல்லப்படும் அளவுக்கு ஒவ்வொரு இடத்திலும் மயிரிழையில் நிற்பதன்று.

எல்லாவற்றிலும் வியப்பானது அண்டவியல் மாறிலி. வெற்றிடத்தின் ஆற்றல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று குவாண்டம் கோட்பாட்டைக் கொண்டு எளிய முறையில் மதிப்பிட்டால், கிடைக்கும் எண் உண்மையில் காணப்படுவதைப்போல் 1க்குப் பின் ஏறத்தாழ 120 சுழியங்கள் இட்ட மடங்கு பெரிது. மாறிலி சிறிது பெரிதாக இருந்திருந்தால், விண்மீன் மண்டலங்கள் திரள்வதற்குள் பொருள் எல்லாம் சிதறிப் போயிருக்கும். நாத்திகரான ஸ்டீவன் வைன்பெர்க் 1987இல் இந்தத் தர்க்கத்தைக் கொண்டே மாறிலிக்கு ஓர் உச்சவரம்பு விதித்தார். 1998இல் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த இரு குழுக்கள் கண்டறிந்த அளவு அந்த வரம்புக்குள் இருந்தது.

இந்தப் பொருத்தத்துக்கு மூன்று வகையான மறுமொழிகள் உண்டு. பொருத்தமில்லாத அண்டத்தில் அதைப் பற்றிக் கேட்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள், எனவே இதில் வியப்புக்கு இடமில்லை என்பது ஒன்று. கனடாவில் பணியாற்றிய மெய்யியலாளர் ஜான் லெஸ்லி 1989இல் இதற்குத் தந்த விடை பலருக்கும் நிறைவளித்தது. மரணதண்டனைக்கு நிறுத்தப்பட்டவரை நோக்கிச் சுட்ட பல துப்பாக்கி வீரர்களும் குறிதவறினால், தவறாவிட்டால் நான் உயிரோடிருக்க மாட்டேனே என்று சொல்லிவிட்டு அவர் விளக்கம் தேடாமல் இருப்பாரா? இரண்டாவது மறுமொழி பல்லண்டக் கொள்கை. வேறுபட்ட மாறிலிகளுடன் எண்ணற்ற அண்டங்கள் இருந்தால் அவற்றுள் சிலவற்றில் உயிர் வாய்ப்பது இயல்பே. இதை நேரடியாகச் சோதிக்க இன்னும் வழியில்லை. அதற்காக அது கடவுள் நம்பிக்கைக்குப் பகையும் அன்று. கனடாவின் கிறிஸ்தவ இயற்பியலாளர் டான் பேஜ், பல அண்டங்களைப் படைப்பது கடவுளுக்கு முரணானதன்று என்று வாதிடுகிறார். மூன்றாவது மறுமொழி நிகழ்தகவு பற்றியது: எல்லையற்ற விரிவில் எந்த எண்ணும் அமையலாம் என்றால், ஒரு குறுகிய வரம்புக்குள் அமைவது அரிது என்று கணக்கிட அளவுகோலே இல்லை. 2001இல் இதை முன்வைத்தவர்களுள் கிறிஸ்தவ மெய்யியலாளர்களான டிமத்தி, லிடியா மெக்ரூ இருவரும் இருந்தனர். சொந்த அணியின் வாதத்தை இவ்வளவு கண்டிப்போடு சோதித்தது பாராட்டுக்குரியது. இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டபின்னும், ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு ஸ்வின்பர்ன் வகுத்த மென்மையான வடிவம் நிற்கிறது. கடவுள் இருந்தால் உயிருக்கு இடம்தரும் ஒழுங்கான அண்டம் எதிர்பார்க்கத் தக்கது, இல்லையென்றால் அது அவ்வளவு எதிர்பார்க்கத் தக்கதன்று. எனவே அது நிரூபணம் ஆகாவிட்டாலும் நம்பிக்கையின் பக்கம் தட்டைச் சற்றுத் தாழ்த்துகிறது.

உயிரியலில் நிலைமை வேறு. 1961இல் படைப்புவாதிகளான விட்கோம்பும் மோரிஸும் எழுதிய நூல், சில ஆயிரம் ஆண்டுகளே வயதான பூமியையும் நோவா கால வெள்ளம் படிவித்த பாறைகளையும் முன்வைத்துப் பல சபைகளில் பரவியது. கதிரியக்கக் காலக்கணிப்பு பூமிக்குத் தரும் வயதோ ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். வேறு வேறு தனிமங்களைக் கொண்டு அளந்தும் விடை ஒத்துப்போகிறது. இதை மறுக்கும் வாதத்தை அறிவியல் சான்று என்று கொள்ள முடியாது. பூமியின் வயதை மறுக்காத ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ இயக்கம் 1990களில் எழுந்தது. லீஹை பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹீ, கத்தோலிக்கர். 1996இல் வெளியிட்ட நூலில் அவர் பாக்டீரியாவின் கசையிழையைச் சான்று காட்டினார். பல புரதங்கள் கூடிச் சுழலும் அந்த இயந்திரத்தில் ஒரு பாகத்தை நீக்கினாலும் வேலை நின்றுவிடும். அப்படியானால் அது படிப்படியாக எவ்வாறு தோன்றியிருக்கும்?

பிரவுன் பல்கலைக்கழகத்தின் உயிரியலாளர் கென்னத் மில்லரும் கத்தோலிக்கரே. கசையிழையின் அடிப்பகுதிப் புரதங்களுக்கு ஒப்பான தொகுதி, கொள்ளைநோய்க் கிருமி போன்றவற்றில் நச்சுப் புரதத்தைச் செலுத்தும் ஊசியாக இயங்குகிறது என்று அவர் காட்டினார். முழு இயந்திரம் இல்லாதபோதும் பாகங்களுக்கு வேறு பயன் இருக்கலாம் என்றால், பீஹீயின் வாதத்தின் முதுகெலும்பு முறிகிறது. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளிகளில் அறிவார்ந்த வடிவமைப்பை அறிமுகப்படுத்தியது தொடர்பான வழக்கில் இருவரும் எதிரெதிராகச் சாட்சியளித்தனர். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது என்று 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். உயிரின் தொடக்கம் பற்றிய புதிர் இன்னும் அவிழவில்லை என்பது உண்மை. 2009இல் அறிவார்ந்த வடிவமைப்பு இயக்கத்தின் ஸ்டீபன் மேயர், டி.என்.ஏ.வில் உள்ள தகவலுக்கு அறிவே மூலம் என்று வாதிட்டார். அதே ஆண்டில் ஜான் சதர்லாந்தின் குழு, ஆர்.என்.ஏ.வின் கட்டுமான அலகுகளுள் சில தொல்புவியில் இருந்திருக்கக்கூடிய எளிய வேதிப்பொருள்களிலிருந்தே உருவாக முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியது. நியூட்டனுக்கு நேர்ந்தது மேயருக்கும் நேரலாம்.

மனித மரபணுத் தொகுதித் திட்டத்தைத் தலைமையேற்று நடத்திய ஃபிரான்சிஸ் காலின்ஸ் இந்த ஆபத்தை உணர்ந்தவர். நாத்திகத்திலிருந்து கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்த அவர், 2006இல் வெளியிட்ட நூலில் மாறிலிகளின் பொருத்தத்தைச் சான்றாக ஏற்றார். உயிரியலில் பொதுமூதாதை உண்டு என்பதையும் ஏற்றார். வைட்டமின் சி உற்பத்திக்கான மரபணு மனிதரிடமும் குரங்குகளிடமும் செயலிழந்து கிடப்பது போன்ற தடயங்களைத் தனித்தனிப் படைப்பால் விளக்குவது கடினம். குறைபாடுகளைக் காட்டிப் படைப்பாளரை மறுப்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. முதுகெலும்பிகளின் விழித்திரையில் ஒளியுணர் செல்கள் பின்பக்கம் இருப்பது மோசமான அமைப்பு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது; அங்குள்ள மியூலர் செல்கள் ஒளியை ஊடாகக் கடத்தித் தருகின்றன என்று 2007இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டனர்.

பரிணாமத்துக்குள்ளேயே ஒரு திசை தெரிகிறது என்பது கேம்பிரிட்ஜின் தொல்லுயிரியலாளர் சைமன் கான்வே மோரிஸின் கருத்து. நமது கண்ணும் ஆக்டோபஸின் கண்ணும் தனித்தனி வழிகளில் ஒரே ஒளிப்படக்கருவி அமைப்புக்கு வந்து சேர்ந்தன. எதிரொலியைக் கேட்டு வழியறியும் வௌவால்களிலும் டால்பின்களிலும் செவியின் பிரெஸ்டின் புரதம் ஒத்த மாற்றங்களை அடைந்திருப்பது 2010இல் தெரியவந்தது. வாழ்வின் வரலாற்றை மீண்டும் தொடங்கினால் முற்றிலும் வேறு முடிவு வரும் என்ற ஸ்டீபன் ஜே கூல்டுக்கு இது நேர்மறுப்பு. விவாதம் தீரவில்லை என்றாலும், கிறிஸ்தவ வாசிப்புக்கு இது பீஹீயின் பாதையைவிட நம்பிக்கையளிக்கிறது. அறிவியலின் இடைவெளியை அது நம்பியிருக்கவில்லை.

கணிதம் இயற்கையோடு பொருந்துவதும் இவ்வரிசையில் சேரும். 1928இல் பால் டிராக் எழுதிய சமன்பாடு யாரும் கண்டிராத எதிர்த்துகளைச் சுட்டியது. 1932இல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டார். 1960இல் யூஜின் விக்னர் இப்பொருத்தத்தை விளக்க முடியாத பரிசு என்றே கருதினார். இயற்பியல் பேராசிரியர் பதவியைத் துறந்து 1982இல் குருவான ஜான் போல்கிங்ஹார்னுக்கு, உலகின் அறிவும் மனித அறிவும் ஒரே மூலத்திலிருந்து வருவதன் அடையாளம் இது.

இவற்றால் எந்தக் கடவுளை அடையலாம்? ஜான் ஹென்றி நியூமன் 1870இல் எழுதிய கடிதம் ஒன்றில், கடவுளை நம்புவதால் திட்டத்தை நம்புவதாகவும், திட்டத்தைக் கண்டு கடவுளை நம்பவில்லை என்றும் சொல்கிறார். வல்லமையையும் திறமையையும் நன்மையையும் இயற்கை காட்டலாம். பரிசுத்தத்தையும் இரக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் காட்டாது என்பது அவர் கருத்து. 1934இல் கார்ல் பார்த் இயற்கை இறையியலையே முழுவதுமாக மறுத்தார். மூலக்கூறு உயிரியற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இறையியலாளர் அலிஸ்டர் மெக்ராத் இடைவழி காண்கிறார்: இயற்கை தானாகக் கடவுளை நிரூபிப்பதில்லை, விசுவாசத்தின் கண்ணாடி வழியே பார்க்கும்போது அது நன்கு பொருள்படுகிறது.

நியூமன் சொன்ன மூன்றில் நன்மையே கடினமானது. உயிருள்ள கம்பளிப்புழுவைத் தின்று வளரும் குளவிகளை நினைத்து, இரக்கமுள்ள கடவுள் இதைத் திட்டமிட்டிருப்பாரா என்று டார்வின் 1860இல் ஏசா கிரேக்கு எழுதினார். புவித்தட்டுகளின் நகர்வு கரிமத்தைச் சுழற்சியில் வைத்துப் பூமியின் வெப்பநிலையைச் சீராக்குகிறது. அதே நகர்வுதான் 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியைப் பிளந்து, கிறிஸ்துமஸுக்கு வந்து வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற பக்தர்களையும் வாரிக்கொண்டு போனது. படைப்புக்குத் தன் இயல்புப்படி இயங்கும் சுதந்திரம் தரப்பட்டிருப்பதன் விலை இது என்கிறார் போல்கிங்ஹார்ன். ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர் டேவிட் பென்ட்லி ஹார்ட் அந்தச் சுனாமியை முன்வைத்து 2005இல் எழுதிய நூலில் அதை ஏற்கவில்லை. குழந்தைகளின் சாவைக் கடவுளின் திட்டத்தில் ஒரு பகுதியாக்குவது நற்செய்திக்கே மாறானது, அது கிறிஸ்து வெல்லவந்த பகை என்பது அவர் வாதம். இருவரும் விடையைத் தேடுவது உயிர்த்தெழுதலில். மாறிலிகளைப் பற்றிய எந்தக் கணக்கும் அதுவரை செல்வதில்லை.